சிறு நெகட்டிவிலிருந்து பெரிய படம்
இருட்டறைக் கருவிகளை அறிந்து கொள்வோம்

தோட்டத்தில் வாழும் குடும்பங்களில் பழைய பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்று இல்லாத வீடு அரிது. பிறப்புப் பத்திரமும் பழைய கடிதங்களும் இருக்கும் அப்பெட்டியின் அடியில், ஸ்டூடியோவின் பெயர் அச்சிட்ட தாளுறை ஒன்றும் கிடக்கும். அதனுள் நிழற்படங்கள் சில. அவற்றுடன் சாம்பல் நிறத்தில் மெல்லிய படச்சுருள் துண்டுகள் சில. அத்துண்டுகளையே நாம் நெகட்டிவ் என்கிறோம். வெள்ளை வேட்டி கருமையாகவும், கருங்கூந்தல் வெண்மையாகவும் அதில் தோன்றும். படத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் இட்டுச் சுவரில் மாட்டுகிறோம். நெகட்டிவையோ பயனற்றது என்று எண்ணிக் குப்பையில் எறிந்து விடுகிறோம். இது திருத்திக் கொள்ள வேண்டிய வழக்கம்.

சுவரில் மாட்டிய படம் வெயிலிலும் ஈரத்திலும் மங்கிப் போகலாம், கரையான் அரிக்கலாம். நெகட்டிவ் நல்ல நிலையில் இருந்தால் அதே படத்தை மீண்டும் எடுக்கலாம். முன்னிருந்ததை விடப் பெரிதாகவும் தெளிவாகவும் எடுக்கலாம். அதற்கு வேண்டிய கருவிகள் யாவை, ஒவ்வொன்றும் செய்யும் பணி யாது, நம் தோட்டத்து இளைஞர் மன்றங்கள் இதனை எவ்வாறு மேற்கொள்ளலாம் என்பனவற்றை இப்பாடத்தில் காண்போம். கருப்பு வெள்ளைப் படங்களைப் பற்றியே இங்குக் கூறுகிறோம். வண்ணப் படங்களுக்குரிய முறை வேறு.

சிறு படச்சுருள் தோன்றிய வரலாறு

முற்காலத்தில் நிழற்படக் கருவிகள் பெரிய பெட்டிகளாக இருந்தன. கண்ணாடித் தகடுகளே அவற்றில் பயன்பட்டன. தகட்டைத் தாளின் மேல் வைத்து ஒளி பாய்ச்சினால், தகட்டின் அளவுக்கே படம் கிடைக்கும். பெரிய படம் வேண்டுமானால் பெரிய தகடும், அதற்கேற்ற பெரிய கருவியும் வேண்டியிருந்தன.

இந்நிலையை மாற்றியவர்களுள் தலையாயவர் ஜெர்மனி நாட்டின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக் என்பவர். ஆஸ்துமா நோயினால் துன்புற்ற அவருக்குக் கனமான கருவிகளைச் சுமப்பது கடினமாக இருந்தது. திரைப்படத்துக்குப் பயன்பட்ட 35 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சுருளை அவர் எடுத்துக் கொண்டார். திரைப்படத்தின் ஒரு கட்டம் 18க்கு 24 மில்லிமீட்டர். அதனை இரு மடங்காக்கி 24க்கு 36 மில்லிமீட்டர் என அவர் அமைத்தார். கையடக்கமான அக்கருவி 1925ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் லைக்கா என்னும் பெயரில் அறிமுகமாயிற்று. அந்த அளவே உலகெங்கும் பரவிப் பின்னர் நம் ஊர் ஸ்டூடியோக்களையும் வந்தடைந்தது.

நெகட்டிவ் ஏறக்குறைய ஓர் அஞ்சல் தலையின் அளவே ஆதலால், அதனைத் தாளின் மேல் வைத்து எடுக்கும் படத்தில் முகங்களைக் காண இயலாது. பெரிதாக்கியே தீர வேண்டும். எனவே சிறிய நிழற்படக் கருவியுடன் படப்பெருக்குக் கருவியும் இன்றியமையாததாயிற்று. கடைக்காரர்கள் அதனை என்லார்ஜர் என்பர்.

இருட்டறை அமைத்தல்

படத்தாளின் மேல் ஒளி பட்டால் கருத்துவிடும் பூச்சு பூசப்பட்டிருக்கிறது. ஆகவே சாதாரண வெளிச்சத்தில் அதனைப் பிரிக்கலாகாது. இதற்கென ஓர் அறையைக் கட்ட வேண்டுவதில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் இளைஞர் மன்றத்தின் பண்டக அறையோ, வீட்டின் சமையற்கட்டோ போதும். சன்னலையும் கதவிடுக்கையும் தடித்த கருப்புத் துணியால் மூடுக. விளக்கை அணைத்து ஐந்து நிமிடம் அமர்ந்திருந்து பார்க்க. கண் இருளுக்குப் பழகிய பின் ஒளி நுழையும் இடங்கள் தாமாகவே தெரியும். அவற்றையும் அடைத்து விடுக. ஆனால் காற்று வந்து போக வழி இருத்தல் வேண்டும்.

அறையை இரு பகுதிகளாகப் பிரித்துக் கொள்க. ஒன்று உலர்ந்த பகுதி. அதில் என்லார்ஜரும் படத்தாளும் இருக்கும். மற்றொன்று ஈரப் பகுதி. அதில் மருந்துத் தட்டுகள் இருக்கும். ஈரக் கையுடன் மின்கருவியைத் தொடுவது உயிருக்கு ஆபத்து. கையைத் துடைக்கத் துணி ஒன்று எப்பொழுதும் தோளில் இருக்கட்டும்.

என்லார்ஜரின் உறுப்புகள்

என்லார்ஜர் என்பது கீழ்நோக்கி வைக்கப்பட்ட ஒரு திரைப்படக் கருவி போன்றது. மேலிருந்து கீழாக அதன் உறுப்புகளைப் பார்ப்போம்.

1. விளக்குக் கூடு. இதனுள் பால்நிறக் கண்ணாடியாலான மின்விளக்கு இருக்கும். அதன் ஒளி வெளியே கசியலாகாது.

2. ஒளி குவிக்கும் வில்லைகள். விளக்கின் ஒளியை நெகட்டிவ் முழுவதிலும் சீராகப் பரப்புவது இவற்றின் பணி. சில கருவிகளில் வில்லைக்கு மாற்றாகப் பால்நிறத் தகடு இருக்கும். வில்லையுள்ள கருவி கூர்மையான படத்தைத் தரும். ஆயினும் நெகட்டிவிலுள்ள கீறல்களையும் எடுத்துக் காட்டிவிடும். பால்நிறத் தகடுள்ள கருவி கீறல்களை ஓரளவு மறைக்கும். பழைய நெகட்டிவுகளுக்கு இரண்டாவதே ஏற்றது.

3. நெகட்டிவ் தாங்கி. படச்சுருள் வளையாமல் தட்டையாகப் பிடித்திருக்கும் தட்டு இது. சுருளின் ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும். மங்கலான பக்கம் கீழ்நோக்கி இருத்தல் வேண்டும். மாற்றி வைத்தால் படம் இடவலமாக மாறிவிடும். பெயர்ப் பலகையிலுள்ள எழுத்துகள் தலைகீழாகாமல், கண்ணாடியில் காண்பது போலத் திரும்பித் தோன்றும்.

4. வில்லை. கருவியின் உயிர்நாடி இதுவே. 35 மில்லிமீட்டர் சுருளுக்கு 50 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள வில்லை ஏற்றது. அதன் வளையத்தில் 2.8, 4, 5.6, 8 முதலிய எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். எண் ஒரு படி கூடினால் துவாரம் சுருங்கி ஒளி பாதியாகும். முழுத் துவாரத்திலிருந்து இரண்டு அல்லது மூன்று படிகள் சுருக்கினால் படம் ஓரம் வரை தெளிவாக விழும்.

5. தூணும் அடிப்பலகையும். மேற்கூறிய உறுப்புகள் யாவும் இத்தூணில் ஏறி இறங்கும். மேலே ஏற்றினால் படம் பெரிதாகும், ஒளி குறையும். தூண் சிறிதும் ஆடலாகாது. வில்லை திறந்திருக்கும் பத்து வினாடியில் யாரேனும் பலகைத் தரையில் நடந்தாலும் படம் கலங்கிவிடும். ஆகவே சிமெந்துத் தரையில் உறுதியான மேசையின் மேல் கருவியை அமைத்துக் கொள்க.

பழைய என்லார்ஜரை வாங்குவோர் கவனிக்க வேண்டியவை மூன்று. தூண் ஆடுகிறதா? வில்லையை விளக்கருகில் பிடித்துப் பார்த்தால் உள்ளே நூல் போன்ற பூசணம் தெரிகிறதா? மின்கம்பியின் உறை வெடித்திருக்கிறதா? கம்பியை மின்பணியாளரைக் கொண்டு மாற்றலாம். ஆடும் தூணையும் பூசணம் பிடித்த வில்லையையும் தவிர்ப்பதே நன்று.

துணைக் கருவிகள்

படத்தாளைத் தட்டையாகப் பிடிக்கவும் நாற்புறமும் வெள்ளை ஓரம் அமைக்கவும் ஒரு சட்டம் வேண்டும். வினாடி கணக்கிட ஒரு கடிகாரம் வேண்டும். படம் கூர்மையாக விழுகிறதா எனப் பார்க்க ஒரு சிறு உருப்பெருக்கி இருந்தால் நலம். தூசி நீக்க மென்மையான தூரிகையும் ரப்பர் ஊதுகுமிழும் வேண்டும். நெகட்டிவில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே உள்ள தூசி, பத்து மடங்கு பெரிதாக்கிய படத்தில் ஒரு மில்லிமீட்டர் வெண்புள்ளியாகும். அது ஒருவர் முகத்தில் விழுந்தால் படமே கெடும்.

பணி செய்வதற்குப் பாதுகாப்பு விளக்கு ஒன்று தேவை. கருப்பு வெள்ளைப் படத்தாளில் மஞ்சள் கலந்த பழுப்பு அல்லது சிவப்பு வெளிச்சம் எளிதில் பதிவதில்லை. எந்த நிறம் தக்கது என்பது தாளின் பெட்டியில் குறிக்கப்பட்டிருக்கும். சாதாரண விளக்கின் மேல் நிறத்தாளைச் சுற்றினால் பயன் தராது. அதற்கென விற்கப்படும் விளக்கையே வாங்குக. அவ்விளக்கொளியில் படத்தாள் துண்டு ஒன்றின் மேல் நாணயம் ஒன்றை ஐந்து நிமிடம் வைத்திருந்து, பின் மருந்திலிட்டுப் பார்க்க. நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கு பாதுகாப்பானதன்று.

மூன்று தட்டுகள்

ஈரப் பகுதியில் மூன்று பிளாஸ்டிக் தட்டுகளை வரிசையாக வைக்க வேண்டும். முதல் தட்டில் டெவலப்பர். ஒளி பட்ட இடத்தில் வெள்ளியைக் கருமையாக்கிப் படத்தைத் துலக்குவது இது. இரண்டாம் தட்டில் நீர்த்த அசெட்டிக் அமிலம். டெவலப்பரின் வேலையை உடனே நிறுத்துவது இது. மூன்றாம் தட்டில் ஹைப்போ எனப்படும் நிலைநிறுத்தி. எஞ்சிய பூச்சைக் கரைத்து, படம் வெளிச்சத்திற்கு அஞ்சாதவாறு செய்வது இது. ஹைப்போவின் இத்தன்மையைக் கண்டறிந்தவர் ஆங்கிலேய அறிவியலறிஞர் ஜான் ஹெர்ஷல். 1839ஆம் ஆண்டு நிழற்படக் கலை பிறந்தபொழுது அது கைகொடுத்தது.

இரண்டாம் தட்டின் தத்துவம் நமக்குப் புதிதன்று. மரத்துப் பாலில் நீர்த்த பார்மிக் அமிலத்தைச் சேர்த்து உறையச் செய்கிறோம் அன்றோ? அதற்கு நெருங்கிய உறவுடைய அமிலமே அசெட்டிக் அமிலம். வினிகரின் புளிப்புக்கும் அதுவே காரணம். பால் ஆலையில் கடைப்பிடிக்கும் எச்சரிக்கையை இங்கும் கடைப்பிடிக்க வேண்டும். நீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றலாகாது. ஆலையின் அமிலத்தை இருட்டறைக்குக் கொண்டு வரலாகாது. மருந்துப் புட்டிகளில் பெயர் எழுதிப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். ஒரு முறை மருந்துக்குப் பயன்பட்ட தட்டையும் குவளையையும் மீண்டும் சமையலுக்கு எடுக்கவே கூடாது. பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கலந்திருப்பதால் அதனை ஆற்றிலும் ஓடையிலும் கொட்டுவது மீன்களுக்குக் கேடு. புட்டியில் சேர்த்து வைத்து, கழிவு மருந்தை முறையாக ஏற்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.

டெவலப்பர் நன்கு செயற்படும் வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். நம் தாழ்நிலத் தோட்டங்களில் குழாய் நீரே பெரும்பாலும் 27 பாகையையொட்டி இருக்கும். மருந்தில் பனிக்கட்டியை இட்டால் மருந்து நீர்த்துவிடும். அதற்கு மாறாக, பெரிய தட்டில் பனிக்கட்டி நீரை ஊற்றி, அதன் நடுவில் மருந்துத் தட்டை வைத்தால் குளிர்ந்துவிடும். இதற்காக வெப்பமானி ஒன்று அவசியம்.

செய்முறை

நெகட்டிவைத் தாங்கியில் பொருத்தி விளக்கை ஏற்றுக. வில்லையை முழுதும் திறந்து, படம் சட்டத்தில் கூர்மையாக விழுமாறு திருகுக. பின்னர் துவாரத்தை 5.6 அல்லது 8க்குச் சுருக்குக. விளக்கை அணைத்துப் பாதுகாப்பு விளக்கொளியில் படத்தாளை எடுக்கலாம்.

எத்தனை வினாடி ஒளி பாய்ச்சுவது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. தாளில் ஒரு சிறு பட்டையை வெட்டி வைத்து, முழுவதற்கும் ஐந்து வினாடி ஒளி கொடுக்க. பிறகு அட்டையால் ஒரு பகுதியை மூடி, மேலும் ஐந்து வினாடி கொடுக்க. இவ்வாறே மூடிக்கொண்டு சென்றால், அப்பட்டையில் 5, 10, 15, 20, 25 வினாடிப் பகுதிகள் கிடைக்கும். மருந்திலிட்டுத் துலக்கி, விளக்கேற்றிப் பார்த்தால் எப்பகுதி நன்றாக இருக்கிறது என்பது விளங்கும். இச்சிறு பட்டை முழுத்தாள்கள் வீணாவதைத் தடுக்கும்.

பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளாயின் டெவலப்பரில் ஒரு நிமிடம், அமிலத்தில் பத்து வினாடி, ஹைப்போவில் ஒரு நிமிடம், ஓடும் நீரில் இரண்டு நிமிடம் என்பது பொதுவான கணக்கு. தாளின் பெட்டியிலும் மருந்துப் புட்டியிலும் உள்ள குறிப்பே முடிவானது. ஹைப்போவிலிருந்து அவசரமாக எடுத்த படமும், நன்கு கழுவாத படமும் சில ஆண்டுகளில் பழுப்பேறிவிடும்.

படத்தைப் பெரிதாக்கினால் நேரத்தையும் கூட்ட வேண்டும். அதற்கு எளிய கணக்கு உண்டு. பெருக்கத்துடன் ஒன்றைக் கூட்டி, அத்தொகையை அதனாலேயே பெருக்குக. ஐந்து மடங்குக்கு 6 பெருக்கல் 6, அதாவது 36. பத்து மடங்குக்கு 11 பெருக்கல் 11, அதாவது 121. 121ஐ 36ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.4 வரும். ஆகவே ஐந்து மடங்குப் படத்திற்குப் பத்து வினாடி போதுமாயின், பத்து மடங்குப் படத்திற்கு 34 வினாடி தேவை.

கூட்டத்தில் மறைந்த முகம்

இக்கருவிகளால் நம் குடும்பங்களுக்குக் கிடைக்கும் தனிப்பயன் ஒன்றுண்டு. பாட்டன் பாட்டியருக்குத் தனிப்படம் இல்லாத வீடுகள் பல. ஸ்டூடியோ சென்று படமெடுக்கப் பணமும் ஓய்வும் அவர்களுக்கு இருந்ததில்லை. ஆனால் யாரோ ஒருவரின் திருமணத்தில், கோயில் திருவிழாவில், பள்ளி விழாவில் எடுத்த கூட்டப்படத்தின் பின்வரிசையில் அவர்கள் நின்றிருப்பர்.

நான்கு மீட்டர் அகலத்தில் மக்கள் நிற்கும் கூட்டப்படத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 36 மில்லிமீட்டர் நீளமுள்ள நெகட்டிவில் ஒருவரின் முகம் இரண்டு மில்லிமீட்டர் உயரமே இருக்கும். ஸ்டூடியோ தந்த சிறிய படத்தில் அது ஏழு மில்லிமீட்டர். அந்த அளவில் கண்ணும் மூக்கும் தெளிவாகத் தெரிவதில்லை. அதே நெகட்டிவைப் பதினைந்து மடங்கு பெரிதாக்கினால் முகம் மூன்று சென்டிமீட்டர் ஆகும். பாட்டியின் மூக்குத்தி தெரியும். நெற்றியின் திருநீறு தெரியும்.

இவ்வளவு பெருக்கத்திற்குத் தூணின் உயரம் போதாமற் போகலாம். அப்பொழுது கருவியின் தலைப்பகுதியை மேசைக்கு வெளியே திருப்பி, படம் தரையில் விழுமாறு செய்யலாம். கருவி சாயாதிருக்க அடிப்பலகையின் மேல் கனமான செங்கற்களை வைக்க வேண்டும். கூட்டம் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. வேண்டிய முகம் விழும் இடத்தில் மட்டும் தாளை வைத்தால் போதும். வாசல் நிழலில் நின்றவரின் முகம் மிகவும் கருத்துத் தோன்றினால், ஒளி பாயும்பொழுது சிறு அட்டை வட்டத்தைக் கம்பியில் பொருத்தி அம்முகத்தின் மேல் மெல்ல அசைத்தவாறு சில வினாடி மறைக்க. முகம் தெளியும். பெருக்கம் மிகும்பொழுது படத்தில் மணல்போன்ற புள்ளிகள் தோன்றுவது இயல்பே. கையெட்டும் தூரத்தில் நின்று பார்த்தால் முகம் முகமாகவே தோன்றும்.

ஆனால் நெகட்டிவில் பதியாததை எக்கருவியும் உண்டாக்காது. படமெடுத்த நாளில் கலங்கிப் பதிந்த முகம் பெரிதாக்கினாலும் கலங்கியே இருக்கும்.

நெகட்டிவைக் காத்தல்

நம் நாட்டின் ஈரம் நெகட்டிவுக்குப் பகை. அதன் ஒரு பக்கம் ஜெலட்டின் பூச்சு. பூசணம் அதனை உண்டு வாழும். பூசணம் பிடித்த நெகட்டிவை நீரில் கழுவலாகாது; இளகிப்போன பூச்சு கரைந்து படமே போய்விடும். மெல்லிய தூரிகையால் மட்டும் துடைக்க வேண்டும்.

மற்றொரு நோயும் உண்டு. பழைய படச்சுருள்களில் பல அசெட்டேட் என்னும் பொருளால் ஆனவை. வெப்பத்திலும் ஈரத்திலும் அப்பொருள் சிதைந்து அசெட்டிக் அமிலத்தை வெளியிடும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் நோய் தொடங்கிவிட்டது என்று அறிக. இறுக மூடிய தகரப் பெட்டியில் அவ்வாடை உள்ளேயே தங்கிச் சிதைவை விரைவுபடுத்தும். சுருள் சுருங்கி, பூச்சு மடிந்து விட்டால் என்லார்ஜரில் பொருத்த இயலாது. ஆகவே வாடை வீசும் துண்டுகளைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காலந்தாழ்த்தாமல் படமாக்கிக் கொள்க. ஏனையவற்றைத் தனித்தனித் தாளுறையிலிட்டு, கூரையடியிலோ அடுப்பருகிலோ வைக்காமல், வீட்டின் குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்துக் காக்க.

இன்று செய்ய வேண்டுவது

இன்று கைப்பேசியில் படமெடுக்கும் காலம். இருட்டறைகள் பல மூடப்பட்டு விட்டன. ஆயினும் கருப்பு வெள்ளைப் படத்தாளும் மருந்தும் உற்பத்தி செய்யும் ஆலைகள் உலகில் இன்றும் உள்ளன. இல்ஃபோர்டு தாள்கள் இங்கிலாந்தில் தொடர்ந்து செய்யப்படுகின்றன. பழைய என்லார்ஜர்களும் கைமாறி விற்கப்படுகின்றன. ஒரு குடும்பத்திற்கு இச்செலவு மிகுதியாகத் தோன்றலாம். இளைஞர் மன்றமோ பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ ஒரு கருவியை வாங்கினால் தோட்டம் முழுமைக்கும் பயன்படும். ஒளிவருடும் கணினிக் கருவியைக் கொண்டு செய்ய விரும்புவோரும் உளர். அதுவும் நல்ல வழியே. எவ்வழியை மேற்கொண்டாலும் நெகட்டிவ் இருந்தால்தான் பணி நடக்கும்.

1950களிலும் 1960களிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதன் பின்னர் ரப்பர் நிலங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. லயங்கள் இடிக்கப்பட்டன, மக்கள் வெவ்வேறு ஊர்களுக்குச் சென்றனர். அந்த வாழ்க்கைக்குச் சான்றாக நிற்பவற்றுள் இச்சிறு படச்சுருள்களும் அடங்கும்.

எனவே இம்மாதமே தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். நெகட்டிவுகளைப் பிரித்து உறையிலிடுங்கள். அவற்றை விளக்கருகில் பிடித்துக் காட்டி, வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: இவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு? அவர்கள் கூறுவதை உறையின் மேல் பென்சிலால் எழுதி, அதன் பிறகே நெகட்டிவை உள்ளே வையுங்கள். முகத்தைப் பெரிதாக்க என்லார்ஜர் இருக்கிறது. அம்முகத்திற்குரிய பெயரைச் சொல்லப் பெரியவர்களைத் தவிர வேறு எவரும் இல்லை. அவர்கள் நம்மோடு இருக்கும்பொழுதே அதனைக் கேட்டு எழுதிக் கொள்ளுதல் நம் கடமையாகும்.